பழுது என்று நான் கையெழுத்திட்டவை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேர்னிலிருந்து போன் எடுத்து, "அம்மா, வேலை கிடைச்சிட்டுது. என்ன வேலையெண்டு சொல்லுங்கோ பாப்பம்? நீங்க செய்த அதே வேலை!" என்று சொல்லிச் சிரித்தாய். இணையத்தில் மின்சாரச் சாமான்கள் விற்கிற பெரிய நிறுவனம். வாங்கியவர்கள் பழுதென்று திருப்பி அனுப்புகிறவற்றை என்ன செய்வதென்று தீர்மானிக்கும் பிரிவுக்கு நீ பொறுப்பாளர். நானும் சிரித்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். அடுத்த நாள் போய் உடைத்தும் வந்தேன். ஆனால் கோயிலில் நின்றபோது உனக்காக என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் இதை எழுதத் தொடங்கினேன். போனில் சொல்லலாம். உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்தி, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவேன். இந்த விசயத்தில் ஏழு வருடங்களாக நான் செய்துவருவது அதுதான். இதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். உன் பெயரோ என் பெயரோ அதில் இல்லை. இதில் வருகிற மற்ற இருவரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன்னைப்போல, என்னைப்போல, அந்த மேசைகளில் இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். நான் முழங்கால் வருத்தத்தால் வேலையை விடவில்லை. அப்பா காலமாகி இரண்டு வருடம், நீ வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து நின்ற நேரம், நான் திடீரென்று வீட்டில் வந்து இருந்தேன். "இன்னும் மூண்டு வருசம் உங்களால பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்க ஏலாதா அம்மா?" என்று நீ கேட்டாய். ஏலாது, கால் வீங்குது என்றேன். நீ ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. உன் படிப்பு தள்ளிப்போனது. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அது தவறான காரணத்தின்மேல் விழுந்தது. சரியான காரணத்தைச் சொல்லியிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய் என்றே நினைக்கிறேன். மன்னிக்கப்படுவதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

கொழும்பில், வெள்ளவத்தைக் காலி வீதியில் இருந்த அந்த மூன்று மாடிக் கடையை உனக்குத் தெரியும். முன்பக்கம் கண்ணாடியும் ஏசியும். மாடிப்படிக்குக் கீழே என் மேசை. நான் சேர்ந்த காலத்தில் ஒரு சாமானைத் திருப்பிக் கொண்டு வருவதென்றால் சண்டைதான். பில் எங்கே, பெட்டி எங்கே, நீதான் விழுத்தி உடைத்தாய் என்று கடைப் பொடியன்கள் சனத்தை விரட்டுவார்கள். பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு ரீச்சர் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலைக் கையில் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் அழுததை நான் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. மனேஜரிடம் நானே போய், "ஏழு நாளுக்குள்ள கொண்டு வந்தால் ஒரு கேள்வியும் கேளாமல் மாத்திக் குடுப்பம் சேர். சனம் நம்பி வரும்" என்றேன். மூன்று மொழியிலும் பலகை வைத்தார்கள். சனம் நம்பி வந்தது. எனக்கு மேசை பெரிதானது, எனக்குக் கீழே இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன் மகன், அதை நீ நம்ப வேண்டும். ஆனால் கேள்வி கேளாமல் எடுத்தால் பதில் தெரியாமல் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

என்னென்ன திரும்பி வந்தன தெரியுமா? குசினிச் சுவருக்கு நிறம் பொருந்தாத கேத்தல். கலியாணத்துக்கு இரண்டு கிடைத்ததால் ஒரு அயர்ன். சோறு அடிப்பிடிக்கிறது என்று ரைஸ் குக்கர், தண்ணீர் அளவு தெரியாததால். உண்மையில் பழுதானவையும் வந்தன, ஆனால் அவற்றிலும் பல ஒரு வயர் கழன்ற பழுது, ஒரு பியூஸ் போன பழுது. தொடக்கத்தில் திறந்து பார்த்துச் சரிசெய்து விற்றோம். பிறகு தயாரிப்பாளர்களிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. திருப்பிக் கப்பலில் அனுப்பவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், அங்கேயே அழித்துவிட்டுப் படம் அனுப்புங்கள் என்று. எங்கோ மலையைக் குடைந்து எடுத்த செம்பும் தகரமும், எந்த ஊரிலோ ஒரு பெண்பிள்ளை குனிந்திருந்து பூட்டிய வயர்களும், கடல் தாண்டி வந்து, ஒரு வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் சுத்தியலுக்கு வந்து சேர்ந்தன. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வயரை வெட்டுவேன், ஒரு அடி போடுவேன், படம் எடுப்பேன், கையெழுத்து வைப்பேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த மாதங்களில் ஸ்டொக் எடுக்க நீ உதவிக்கு வந்தாய். ஒரு ரைஸ் குக்கரை எடுத்துச் சொருகிப் பார்த்தாய்.

"அம்மா, இது வேலை செய்யுது."

"அது பழுது."

"இல்லையம்மா, லைட் பத்துது. அடி சூடாகுது. தொட்டுப் பாருங்கோ."

"பழுதெண்டு எழுதியிருக்கு. எழுதினால் பழுதுதான். நேரம் போகுது, அடி."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சுத்தியலை எடுத்து அடித்தாய். நான் படம் எடுத்தேன். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. உனக்கு இந்த வேலை கிடைத்ததென்று நீ சொன்னதும் எனக்கு அந்தச் சுத்தியல் சத்தம்தான் காதில் விழுந்தது. நீ இந்த வேலையைப் படித்து வரவில்லை, என்னிடமிருந்து பழகிப் போயிருக்கிறாய் என்று பயந்தேன்.

அழித்த சாமான்களை எடுத்துப்போக மாதத்தில் ஒருமுறை மாணிக்கம் வருவார். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம், ஜிந்துப்பிட்டியில் ஒரு ஒழுங்கையில் வீடு. சொந்தமாக ஒரு சின்ன லொறி. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் கால்வாய் ஓரத்தில் ஒரு வளவை வாடகைக்கு எடுத்து, அவரும் மனைவி செல்வியும் சாமான்களைப் பிரித்து, செம்பு வேறு, இரும்பு வேறு, பிளாஸ்டிக் வேறாக விற்றார்கள். நான் உடைத்துக் கொடுத்ததையும் அவர் உடையாத சாமானைப்போல இரண்டு கையாலும் தூக்கி வைப்பார். அவர் கொண்டுபோன பிறகு நான் ஒரு படிவம் நிரப்புவேன். "பற்றரிகள் பிரிக்கப்பட்டு, அனுமதி பெற்ற இடத்தில் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன" என்று அதில் ஒரு வசனம் அச்சிட்டிருக்கும். பற்றரியை யாரும் பிரிக்கவில்லை. அனுமதி உண்டா என்று மாணிக்கத்திடம் நான் கேட்டதில்லை. அவருக்கும் பிழைப்பு, எங்களுக்கும் இடம் காலி, குப்பைக்கும் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். எத்தனை மாதங்கள் என்று கேட்காதே.

நான் வேலையை விட்ட வருடம் ஒரு வகைப் பவர் பேங்க் வந்தது. மலிவு, மெல்லியது, சனம் அள்ளிக்கொண்டு போனது. இரண்டு மாதத்தில், ஏழு நாள் கணக்கையும் தாண்டி, எல்லாம் திரும்பத் தொடங்கின. பூரிபோல உப்பி, மூடி பிளந்து, கையில் பிடித்தால் இளஞ்சூடு. இம்முறை உண்மையான பழுது, முழு இறக்குமதியும் பழுது. தயாரிப்பாளர் வேண்டாம் என்றார். உப்பிய பற்றரியைக் கப்பலும் ஏற்றாது, விமானமும் ஏற்றாது. பெட்டி பெட்டியாக மாடிப்படிக்குக் கீழே சேர்ந்தன. ஒருநாள் ஒரு பெட்டியிலிருந்து இனிப்பான ஒரு மணம் வந்தது, நகப்பூச்சு மணம்போல. இது ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு எனக்கு வழியில்லை. கடை பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில், முறை நாள் வர முன்பே மாணிக்கத்துக்குப் போன் பண்ணினேன்.

அவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். "மேடம், இது எல்லாமே உப்பிப்போயி இருக்குதுங்களே. ஒண்ணும் ஆயிடாதுங்களா?"

"ஒண்டும் நடக்காது. கெதியா ஏத்துங்கோ, வாசல்ல வாகனம் நிக்குது" என்றேன்.

அவர் ஏற்றினார். நான் கை கழுவிவிட்டு வந்து அந்த மாதப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பினேன்.

நான்காம் நாள் மத்தியானம், கடையில் நல்ல சனம். வரிசையில் ஏழெட்டுப் பேர் பெட்டிகளோடு நிற்கிறார்கள். வெறுங்கையோடு ஒரு பெண். அவளது முறை வந்ததும், "பில் இருக்கா?" என்று தலை நிமிராமல் கேட்டேன்.

"நான் செல்விங்க. மாணிக்கத்தோட சம்சாரம். வாசல்ல வரிசையில நிக்கச் சொன்னாங்க, அதான் நின்னேன். அவரு ஆஸ்பத்திரியில இருக்காருங்க மேடம். மூணு நாளாச்சு."

நடந்ததை அவள் மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னாள். சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். அடியில் ஒன்று சீறியது. பிறகு எல்லாம் சேர்ந்து எரிந்தன. வளவுச் சுவரோடு ஒட்டிப் பலகை வீடுகள் ஒரு வரிசை, உள்ளே பிள்ளைகள். மாணிக்கம் எரிகிற சாக்கைக் கையால் பிடித்துக் கால்வாய்வரை இழுத்துப்போயிருக்கிறார். ஒன்றல்ல, மூன்று சாக்கு. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவளோடு அப்போதே போனேன். இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. முகத்தில் ஒரு பக்கம் மருந்து. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "தண்ணியில போட்டா அணைஞ்சிடும்னு நெனச்சேன் மேடம். தண்ணிக்குள்ளயும் கொதிக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடை சாமான்னு பொலிஸ்காரங்க வந்து கேட்டாங்க. தெருவுல பொறுக்கினதுன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு வேலை போயிடக் கூடாதுங்களே" என்றார்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. உடம்பெல்லாம் இளகி, தப்பினேன் என்றிருந்தது. அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு, அந்த மனுசனுக்கு முன்னால் நின்று, நான் தப்பினேன் என்று நினைத்தேன். அது சில விநாடிதான். ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பற்றி எனக்கிருந்த நல்ல அபிப்பிராயம் திரும்பி வரவில்லை.

அவருடைய அடையாள அட்டை வளவில் இருந்தது. எடுக்கப் போன செல்வியோடு நானும் போனேன். இத்தனை வருடம் என் கையெழுத்து போன இடத்துக்கு நான் போனது அன்றுதான். தரை கறுப்பாக இறுகி, மழைக்குக்கூட நனையாத மண்ணாகக் கிடந்தது. வயர் எரித்துச் செம்பெடுக்கிற பாதிப் பீப்பா ஒன்று, சுற்றிவரச் சாம்பல். அந்தச் சாம்பலிலிருந்து கால்வாய்க்கு மழைநீர் ஓடி ஓடி ஒரு வாய்க்காலே விழுந்திருந்தது. தண்ணீரின்மேல் எண்ணெய்போல ஒரு படலம். சின்ன மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. சுவரோரம், மழையில் ஒட்டிப்போன காட்போர்ட் பெட்டிகளில், நான் எழுதி ஒட்டிய காரணச் சீட்டுகள். "நிறம் பிடிக்கவில்லை." "பரிசாக இரண்டு." "சத்தம் கேட்கிறதாம்." என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

கால்வாயின் அந்தக் கரையில், தண்ணீரோடு வளருகிற கங்குன் கீரை பச்சைப் பசேலென்று நின்றது. யாரோ ஒழுங்காகப் பாத்தி கட்டியிருந்தார்கள். "இதைச் சமைப்பீங்களா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"நாங்க திங்கறதில்லைங்க. தண்ணியப் பாக்குறோம்ல. விக்கிறவங்க வெட்டி எடுத்துட்டுப் போவாங்க. டவுனெல்லாம் போவுது, வெள்ளவத்தைப் பக்கமும் போவுதுன்னு சொல்லுவாங்க."

எங்கள் ஒழுங்கைக்கு வருகிற கீரைக்காரர் எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. வேறு எங்காவது இருக்கலாம். ஆனால் கங்குனைச் சுண்டித் தேங்காய்ப்பூப் போட்டு, "இரும்புச் சத்து, சாப்பிடு" என்று எத்தனை வருடம் உன் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். உனக்கு ஒன்றும் இல்லை, நீ சுகமாக இருக்கிறாய். அந்தப் பலகை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவர்களை யாரும் பரிசோதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

திரும்பும்போது வளவு வாசலில் செல்வி நின்றாள். கத்தவில்லை. "அவரு உங்களக் கேட்டாராம்ல மேடம், ஒண்ணும் ஆயிடாதான்னு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா தொட்டிருக்க மாட்டாருங்க" என்றாள். நான் பஸ் எடுக்க வீதிக்கு நடந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் உடனே ஒன்றும் செய்யவில்லை மகன். அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு சூப்பும் பழமும் கொண்டு போனேன், அதோடு சரிக்கட்டிவிடலாம் என்பதுபோல. மாத முடிவில் அடுத்த மாதத்துக்கான புதிய படிவம் வந்தது. அதே வசனம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். புதிதாக வந்திருந்த இளம் மனேஜரிடம் போய், இதில் என்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றேன்.

"மிஸ், எல்லாக் கடையும் இப்பிடித்தான் செய்யுது. ஒரு வசனம்தானே" என்றான்.

"ஒரு ஆள் ஆஸ்பத்திரியில கிடக்கிறார் தம்பி."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? தெருவில பொறுக்கினதெண்டு அவரே பொலிசிட்ட சொல்லியிருக்கிறாரே."

எனக்காக மாணிக்கம் சொன்ன பொய்யை அவன் கடைக்குக் கதவாகப் போட்டுப் பூட்டினான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மேசைக்கு வந்து, அச்சிட்ட வசனத்தைப் பேனாவால் வெட்டிவிட்டு, நடந்ததை அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். உப்பியது தெரிந்தே கொடுத்தேன், ஆபத்தில்லை என்று நான்தான் சொன்னேன், முந்திய படிவங்களும் பொய் என்று. ஒரு பிரதி தயாரிப்பாளருக்கு, ஒன்று அரசாங்கச் சுற்றாடல் அலுவலகத்துக்கு. பத்து நாளில் என்னை மேலே கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்று நீங்களாகவே விலகினால் எல்லோருக்கும் மரியாதை என்றார்கள். அந்த வசனத்தைத்தான் வீட்டுக்கு வந்து உனக்கும் சொன்னேன்.

எழுதியதால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதே. அதிகாரிகள் வந்து மண்ணை எடுத்துப் போனார்கள், வளவை மூடினார்கள். கடைக்காரர் மாணிக்கத்தின் சத்திரசிகிச்சைகளுக்கு உதவ வேண்டிவந்தது. வலது கையில் மூன்று விரல் இன்றும் மடங்காது. வளவு மூடியதால் செல்விக்கும் வேலை போனது. அவள் இப்போது வீடுகளில் துணி துவைக்கிறாள். மாணிக்கம் கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிறார், என்னைக் கண்டால் எழும்பி நின்று உன்னைப் பற்றி விசாரிப்பார். செல்வி என்னோடு கதைப்பதில்லை. நான் அதை மாற்ற முயலவும் இல்லை. கடையின் பின்பக்கத்துக்கு இப்போது வேறு லொறி வருகிறது. ஒன்று மட்டும் கேள்விப்பட்டேன். என் மேசைக்கு வந்த பிள்ளை, சாமானை வாங்க முன்பு சனத்துக்கு முன்னாலேயே சொருகிப் பார்க்கிறாளாம், என்ன நடந்தது என்று கேட்கிறாளாம். பலர் விசயம் விளங்கி, சாமானைத் திருப்பி வீட்டுக்கே கொண்டு போகிறார்களாம். அந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை. கண்டால் கையைப் பிடித்துக் கும்பிடுவேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தாய். உன் இடத்தில் சுத்தியல் இராது. கணினித் திரையில் ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு குறி போடுவாய், சாமான் மறைந்துவிடும். என்னைவிட உனக்கு அது சுலபம், அதனால் உனக்கு ஆபத்தும் கூட. அந்தக் குறியைப் போட முன்பு வாங்கியவரிடம் ஒரு கேள்வியாவது கேட்க ஒரு வழி செய். திறந்து பார்க்க ஒரு மேசையும் ஒரு ஆளும் வேண்டுமென்று கேள். தர மாட்டார்கள், திரும்பக் கேள். உப்பின பற்றரியை ஒரு மனுசரிடம் கொடுக்கும்போது, அது என்னவென்று அவருடைய மொழியில் சொல்லிக் கொடு. நீ வாசிக்காத வசனத்தின் கீழே கையெழுத்து வைக்காதே, வாசித்துப் பொய்யென்று தெரிந்தால் கட்டாயம் வைக்காதே. வேலை போனால் போகட்டும். வீட்டுக்கு வா. நான் காரணம் கேட்பேன், நீ உண்மையைச் சொல்.

அதற்கு முதல் ஒன்று செய். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருநாள் லீவு எடு. உங்கள் இடத்திலிருந்து பழுதென்ற சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுகிற லொறியில், சாரதியிடம் கேட்டு, பக்கத்தில் ஏறி இரு. வழியில் இறங்கிவிடாதே. துறைமுகத்தில் ஒரு கப்பல் பெட்டிக்குள் ஏற்றுகிறார்களென்றால், அந்தப் பெட்டி எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்குப் போகிறதென்று கேட்டுத் தெரிந்துகொள். போய்ச் சேருகிற இடத்தில் அதைப் பிரிக்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கண்டுபிடி. அதைச் சொல்ல எனக்குப் போன் எடு. அன்றைக்கு நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து,
உன் அம்மா